குழந்தை திரும்புச்சு சரி, திருப்புனது எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை இணைப்புல அக்குபங்சர் பத்தி ஒரு முழுப்பக்க கட்டுரை போட்டிருந்தீங்க, எல்லாமே ஆராய்ச்சியில நிரூபணம் ஆயிடுச்சுங்கற மாதிரி தலைப்பு. அடுத்த வாரமே வாசகர் கடிதத்துல ஒருத்தர் அது மொத்தமும் பித்தலாட்டம்னு எழுதியிருந்தாரு. ரெண்டையும் வெட்டி வச்சிருக்கேன். நான் 31 வருஷம் நர்ஸா வேல பாத்து ரிட்டையர் ஆனவ, அதுல பாதிக்கு மேல லேபர் வார்டுதான். ரெண்டு பேருமே அவசரப்பட்டுட்டாங்கன்னு எனக்கு படுது. ஏன் அப்படி சொல்றேன்னா அது என் பொண்ணோட கால் சுண்டுவிரல்ல இருந்து ஆரம்பிக்கிற கதை, அதையே மொதல்ல சொல்லிடறேன்.

பொண்ணுக்கு தலப்பிரசவம். 33வது வாரத்துல ஸ்கேன்ல குழந்தை தலை மேல இருக்கு, பிரீச்னு எழுதி குடுத்தாங்க. டாக்டரம்மா இன்னும் நாள் இருக்கு, பாக்கலாம்னுதான் சொன்னாங்க. ஆனா வீட்ல விடுவாங்களா, சம்பந்தியம்மா ஒரு அக்குபங்சர் சென்டர் பேர சொல்லி அங்க சுண்டுவிரல்ல சூடு காட்டுனா குழந்தை திரும்பிடும்னு சொல்லி கூட்டிட்டு போயிட்டாங்க. நானும் கூட போனேன். அங்க குடுத்த மாக்ஸா குச்சி நம்ம கட்டை விரல விட கொஞ்சம் தடிப்பா, ஒரு சாண் நீளத்துல, வெள்ளப் பேப்பர்ல சுத்தி இருந்துச்சு. உள்ள பஞ்சு மாதிரி காஞ்ச இலை. அது நம்ம ஊர் மாசிபத்திரி, மரிக்கொழுந்து எல்லாத்துக்கும் ஒண்ணுவிட்ட சொந்தம், ஒரே இனத்து செடிங்கதான், அத காயவச்சு இடிச்சு நார் மட்டும் பிரிச்சு எடுத்து சுத்தறாங்க.

பத்து நாள் தினமும் ராத்திரி வீட்லயே நான்தான் காட்டுனேன். பொண்ணு கட்டில்ல சாஞ்சு கால மனைக்கட்டை மேல வச்சிக்குவா, நான் தரையில உக்காந்து குச்சிய பத்தவச்சு, சுண்டுவிரல் நகத்தோட வெளி ஓரத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி புடிப்பேன். ஒரு காலுக்கு 15 நிமிஷம். அவளுக்கு காலு வீங்கி இருந்ததால சூடு சரியா தெரியாதோன்னு பயம், அதனால என் ஆள்காட்டி விரல அவ விரலோட ஒட்டி வச்சுக்கிட்டேதான் காட்டுவேன், எனக்கு சுட்டா அவளுக்கும் சுடும்ல. சாம்பல ஒரு எவர்சில்வர் கிண்ணத்துல தட்டிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா கால் மேலயே விழுந்துரும். வாசன சாம்பிராணியும் பீடியும் கலந்த மாதிரி, ரூம் பூரா பொக மண்டி ரெண்டாவது நாளே அவளுக்கு இருமல் வந்து ஜன்னல எல்லாம் தொறந்து போட்டோம். காட்டுற நேரத்துல குழந்தை நல்லா அசையுதும்மான்னு அவளே சொன்னா. வயித்துல கை வச்சு பாத்தேன், அசைவு இருந்துச்சு.

35வது வாரத்துல ஸ்கேன் பண்ணுனா தலை கீழ வந்திருக்கு. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், மாக்ஸாதான் திருப்புச்சுன்னு சம்பந்தியம்மா இன்னிக்கு வரைக்கும் பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க. எனக்கு மட்டும் வாய்விட்டு அப்படி சொல்ல வரல. ஏன்னா லேபர் வார்டுல இருந்தவளுக்கு தெரியும், 28 வாரத்துல பாத்தா நாலஞ்சு குழந்தைக்கு ஒண்ணு பிரீச்சாதான் இருக்கும், மாசம் முடியறப்ப பாத்தா நூத்துக்கு மூணு நாலுதான் மிஞ்சும். மத்ததெல்லாம் யாரும் எதுவும் பண்ணாமலே தானா திரும்புனதுதான். அப்ப என் பேரன் மாக்ஸாவால திரும்புனானா இல்ல திரும்பறதா இருந்தவன் திரும்புனானா? இத ஒரே ஒரு புள்ளைய வச்சு சொல்லவே முடியாது. எனக்கு அது தூக்கத்த கெடுத்துச்சு, மருமகன்கிட்ட சொல்லி போன்ல தேடி தேடி படிச்சேன்.

உங்க கட்டுரையில "சீனாவில் 75 சதவீதம் வெற்றி"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே, அந்த ஆய்வதான் சொல்றேன். 1998-ல ஜாமாங்கற அமெரிக்க மருத்துவ பத்திரிகையில வந்தது, பிரான்செஸ்கோ கார்டினிங்கற இத்தாலி டாக்டரும் ஹுவாங் வெய்ஷின்ங்கற சீன டாக்டரும் ஜியாங்ஷி மாகாணத்துல பண்ணுனது. தலப்பிரசவக்காரங்க 260 பேரு, எல்லாருக்கும் 33வது வாரம், எல்லாருக்கும் ஸ்கேன்ல பிரீச், என் பொண்ணு மாதிரியேதான். குலுக்கல் முறையில 130 பேருக்கு சுண்டுவிரல்ல மாக்ஸா, அவங்க சாஸ்திரப்படி அது சிறுநீர்ப்பை வழித்தடத்தோட 67வது புள்ளி, கடைசி புள்ளி. மீதி 130 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 35வது வாரத்துல மாக்ஸா காட்டுனவங்கள்ல 98 பேருக்கு திரும்பியிருந்துச்சு. அதுதான் நீங்க போட்ட 75 சதவீதம்.

ஆனா எதுவுமே காட்டாத 130 பேர்ல 62 பேருக்கும் திரும்பியிருந்துச்சு. இது உங்க கட்டுரையில இல்ல. 48 சதவீதம் கிட்ட, அதாவது ஏறக்குறைய பாதி பேரு! மாக்ஸாவால கெடச்சதுன்னு சொல்லணும்னா அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்ததான் சொல்லணும், முழு 75-ஐயும் மாக்ஸா கணக்குல எழுதக்கூடாது. பிரசவ நேரத்துல பாத்தா அந்த வித்தியாசமும் குறைஞ்சு போச்சு, மாக்ஸா பக்கம் 98, சும்மா இருந்தவங்க பக்கம் 81, நடுவுல சும்மா இருந்தவங்கள்ல 24 பேருக்கு டாக்டருங்க வயித்து மேல கை வச்சு திருப்பியும் பாத்திருக்காங்க. அப்படியும் மாக்ஸா பக்கம் கூடத்தான் இருக்கு, அத நான் மறைக்கல. இன்னொரு விஷயம், காட்டுனவங்களுக்கு குழந்தை அசைவு கூடியிருக்குன்னு எண்ணி எழுதியிருக்காங்க, அத படிச்சப்ப என் பொண்ணு சொன்னது ஞாபகம் வந்து எனக்கு சிலிர்த்துருச்சு.

சரி இது நெஜமான்னு அதே கார்டினி தன் சொந்த ஊர் இத்தாலியில திரும்பவும் பண்ணி பாத்தாரு பாருங்க, அந்த மனுஷன நான் மதிக்கிறேன். நல்ல ரிசல்ட் வந்தாச்சு, பேரும் வந்தாச்சு, அதோட விட்டிருக்கலாம். இத்தாலியிலயும் 260 பேருன்னு திட்டம், ஆனா 123 பேரோட நிறுத்த வேண்டியதாயிடுச்சு, பாதியிலயே நெறய பேரு சிகிச்சைய விட்டுட்டாங்க. வாசன புடிக்கல, குமட்டுது, தொண்ட கரகரங்குது, வயிறு இறுக்கி வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. 2005-ல ரிசல்ட் வந்துச்சு, மாக்ஸா பக்கம் 34 சதவீதம், சும்மா இருந்தவங்க 36 சதவீதம். ஒரு பலனும் இல்ல. அந்த பொகைய ரூமுக்குள்ள அனுபவிச்சவங்கறதால அவங்க ஏன் விட்டாங்கன்னு எனக்கு நல்லாவே புரியுது.

அப்புறம் 2009-ல சுவிட்சர்லாந்து ஜெனீவாவுல 212 பேரு, மாக்ஸா பக்கம் 18 சதவீதம், சும்மா இருந்தவங்க 16, அங்கயும் பெருசா வித்தியாசம் இல்ல. ஆனா அவங்க 34ல இருந்து 36 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சிருக்காங்க, அதுக்குள்ள குழந்தை பெருசாகி இடம் குறைஞ்சிடும், எந்த வழியா பாத்தாலும் திரும்பறது கஷ்டம்தான், இது என் அனுபவத்துல சொல்றது. இதுக்கெல்லாம் மேல எனக்கு புடிச்சது ஸ்பெயின்ல பண்ணி 2013-ல வெளியிட்ட ஆய்வு. 406 பேர மூணா பிரிச்சாங்க. ஒரு கூட்டத்துக்கு சுண்டுவிரல், ஒரு கூட்டத்துக்கு வேணும்னே கால் பெருவிரல், மூணாவது கூட்டத்துக்கு எதுவுமில்ல. பெருவிரல்ல காட்டுனவங்களுக்கும் அதே பொக, அதே வாசன, அதே நம்பிக்கை, அப்ப சும்மா மனசு சமாதானத்துல திரும்புதுன்னா ரெண்டுலயும் சமமா திரும்பணும் இல்லையா. சுண்டுவிரல்ல 58.1 சதவீதம், பெருவிரல்ல 43.4, எதுவும் இல்லாதவங்களுக்கு 44.8. நான் இத மூணு தடவ படிச்சேன். பித்தலாட்டம்னு எழுதுன அந்த வாசகர் இத ஒரு தடவயாவது படிக்கணும்னு கேட்டுக்கறேன்.

இதையெல்லாம் ஒண்ணா தூக்கி வச்சு பாத்தவங்க காக்ரேன்னு ஒரு சர்வதேச ஆய்வுக் குழு, 2023-ல புதுப்பிச்சாங்க, 13 ஆய்வு, 2,181 பெண்கள். வழக்கமான கவனிப்போட மாக்ஸாவும் சேத்தா, பிரசவ நேரத்துல தலை கீழ வராம இருக்கற வாய்ப்பு ஓரளவு குறையும் போலன்னு சொல்றாங்க, சிசேரியன் குறையுதுன்னு சொல்ல முடியலங்கறாங்க. அவ்வளவுதான் இன்னிக்கு நெலம. "வழக்கமான கவனிப்போட"ங்கற வார்த்தைய தயவுசெஞ்சு பாருங்க, அதுக்கு பதிலா இல்ல.

இந்த எடத்துலதான் எனக்கு கோவம். நாங்க போன சென்டர்ல இருந்தவரு பத்தாவது நாள் பொண்ணோட நாடிய புடிச்சு பாத்துட்டு குழந்தை திரும்பியாச்சு, இனிமே ஸ்கேன் வேணாம், இரும்பு சத்து மாத்திரையும் நிறுத்திடுங்கன்னு சொன்னாரு. நான் அங்கயே முடியாதுன்னு சொல்லிட்டு வந்தேன். அவர் சொன்னது கடைசியில சரியாவே இருந்துச்சு, ஆனா நூத்துல எத்தன தடவ சரியா இருக்கும்னு அவருக்கு தெரியுமா, எங்கயாவது எழுதி வச்சிருக்காரா? பல வருஷம் முன்னாடி நைட் டூட்டியில ஒரு பொண்ணு வந்துச்சு, குழந்தை திரும்பிடுச்சுன்னு யாரோ கை வச்சு பாத்து சொன்னத நம்பி வீட்லயே வலி தாங்கிக்கிட்டு இருந்திருக்கு. டேபிள்ல படுக்க வச்சு பாக்குறேன், கால் வந்துருச்சு, பக்கத்துலயே தொப்புள்கொடியும் இறங்கி இருக்கு. அந்த கொடியில துடிப்பு இருக்கான்னு ரெண்டு விரல வச்சு பாத்தது இப்பவும் விரல்லயே இருக்கு. அதுக்கு மேல எழுத வேணாம். அதனாலதான் ஸ்கேன் வேணாம்னு யார் சொன்னாலும் எனக்கு பகீர்ங்குது.

ஊசி விஷயத்துக்கு வரேன். உங்க கட்டுரையில 1971-ல அமெரிக்க பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு பீக்கிங்குல மயக்க மருந்தே இல்லாம வெறும் ஊசிய வச்சு குடல்வால் ஆபரேஷன் பண்ணுனாங்கன்னு போட்டிருக்கு. அது தப்பு, திருத்தம் போடணும். ஆபரேஷன் வழக்கமான மரப்பு ஊசி போட்டுத்தான் நடந்துச்சு. அதுக்கப்புறம் வயித்துல காத்து அடைச்சு அவஸ்தைப்பட்டப்பதான் முழங்கையிலயும் முழங்காலுக்கு கீழயும் மூணு ஊசி குத்தி, கூடவே இதே மூலிகைய பத்தவச்சு வயித்துக்கு பக்கத்துல காட்டுனாங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள இறுக்கம் குறைஞ்சதா அவரே நியூயார்க் டைம்ஸ்ல எழுதுனாரு. அங்கயும் மாக்ஸா இருக்கு பாருங்க, சீனத்துல இந்த வைத்தியத்தோட பேரே ஊசியும் சூடும் சேந்த வார்த்தைதான், ஜென்ஜியு. நம்ம ஊர்லதான் ஊசி மட்டும் தனியா வந்து நின்னுடுச்சு, இன்னும் சில பேர் ஊசியும் இல்லாம விரலால தொட்டே பாக்குறாங்க. ஊசிக்கு நடந்த ஆய்வு ரிசல்ட்ட அப்படியே தொடு சிகிச்சைக்கு எடுத்துக்க முடியாது, உங்க கட்டுரை ரெண்டையும் ஒரே பானையில போட்டு கலக்கிடுச்சு.

ஊசிக்கு நடந்ததுலயே பெரிய வேல ஜெர்மனியில நடந்துச்சு. எல்லாருக்கும் தெரிய வேண்டிய விஷயம்னு நான் நெனைக்கிறேன். இன்சூரன்ஸ் காசு குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றதுக்காகவே பண்ணுனது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரங்க 1,162 பேரு, 2007-ல வெளிவந்துச்சு. ஒரு கூட்டத்துக்கு சாஸ்திரப்படி சரியான புள்ளியில ஆழமா ஊசி, ஒரு கூட்டத்துக்கு புள்ளியே இல்லாத எடத்துல லேசா மேலாப்புல ஊசி, மூணாவது கூட்டத்துக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சின்னு வழக்கமான வைத்தியம். ஆறு மாசம் கழிச்சு பலன் தெரிஞ்சவங்க, சரியான ஊசி 47.6 சதவீதம், தப்பான எடத்து ஊசி 44.2, வழக்கமான வைத்தியம் 27.4.

இத எப்படி வேணா படிக்கலாம், படிக்கிறாங்க. புடிச்சவங்க 47க்கு 27னு சொல்லுவாங்க, புடிக்காதவங்க 47க்கு 44னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒரே ஆய்வுதான். எனக்கு என்ன தோணுதுன்னா புள்ளி எதுங்கறது அவ்வளவு பெருசில்ல, ஆனா அந்த ரெண்டு கூட்டத்துக்காரங்க வலி குறைஞ்சது பொய்யில்ல. டாக்டர் அரை மணி நேரம் பக்கத்துல, பத்து தடவ, தொட்டு பேசி ஊசி குத்தி படுக்க வச்சு கவனிக்கிறாரு. நம்ம ஓபியில ஒரு இடுப்புவலிக்காரருக்கு கெடைக்கிறது எத்தன நிமிஷம், என் கண்ணால பாத்ததுதான், சீட்டு எழுதறதுக்குள்ள அடுத்தவர் வந்து நிப்பாரு. வழக்கமான வைத்தியத்துல நூத்துக்கு 27 பேருக்குதான் பலன்னா அது எங்க மேலயும் விழற கேள்வி இல்லையா. எங்க வீட்டுக்காரருக்கு இடுப்புக்கு ஊசி போட்டு நல்லாவே கேட்டுச்சு, வேணாம்னு நான் சொல்லல. ஜெர்மனியிலயும் அப்படித்தான், நாள்பட்ட இடுப்பு வலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் இன்சூரன்ஸ் குடுக்கறதுன்னு 2006-ல முடிவு பண்ணுனாங்க, தலைவலிக்கு குடுக்கல.

பொய் ஊசி எப்படி குத்துவாங்கன்னு சில பேருக்கு சந்தேகம் வரலாம். 1998-ல ஜெர்மன் டாக்டர் ஸ்ட்ரைட்பெர்கர் ஒண்ணு கண்டுபுடிச்சாரு, முனை மொட்டையா இருக்கும், அழுத்துனா நாடகத்து கத்தி மாதிரி கைப்பிடிக்குள்ள போயிடும், நோயாளிக்கு சுருக்குன்னு தெரியும், தோலுக்குள்ள போகாது. இதெல்லாம் வந்ததுக்கு அப்புறம்தான் ஆய்வோட தரம் ஏறுச்சு. அதே 1998-ல இன்னொண்ணும் வந்துச்சு, ஆண்ட்ரூ விக்கர்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் எந்தெந்த நாட்டு ஆய்வு என்ன சொல்லுதுன்னு எடுத்து பாத்தாரு, சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான்ல இருந்து வந்த அக்குபங்சர் ஆய்வு அத்தனையும் வெற்றி, ஒண்ணு கூட தோல்வி இல்ல. வார்டுல எல்லா கேஸும் நல்லபடியா முடிஞ்சுதுன்னு ரிஜிஸ்டர் காட்டுனா எந்த மேட்ரனும் நம்பமாட்டாங்க, அந்த மாதிரிதான்.

ஆனா அத வச்சு சீனாக்காரன் எழுதுனா எல்லாம் பொய்னு அந்த வாசகர் எழுதுனதும் இப்ப செல்லாது. 2017-ல சீனாவுலயே 1,000 பெண்கள வச்சு, சினைப்பை நீர்க்கட்டி இருந்து குழந்தைக்கு ஏங்குறவங்க, அவங்களுக்கு மாத்திரையோடயும் மாத்திரை இல்லாமயும், நெஜ ஊசி பொய் ஊசின்னு நாலா பிரிச்சு பாத்து, அக்குபங்சரால குழந்தை பொறக்கறது கூடல, மாத்திரைக்குத்தான் பலன்னு அவங்களே ஜாமாவுல போட்டாங்க. மாத்திரை எடுத்தவங்கள்ல நெஜ ஊசிக்கு 29.4 சதவீதம், பொய் ஊசிக்கு 28. அதே வருஷம் அதே பத்திரிகையில, இருமுனா தும்முனா மூத்திரம் கசியற பிரச்சினைக்கு மின் அக்குபங்சர் பொய் ஊசிய விட நல்லா கேட்டுச்சுன்னு 504 பெண்கள வச்சு பெய்ஜிங் டாக்டருங்களும் போட்டாங்க. பலன் இருக்கறதுக்கு இருக்குன்னும் இல்லாததுக்கு இல்லன்னும் சொல்றாங்க. அந்த பிரச்சினை நம்ம பொம்பளைங்க எத்தன பேரு வெளிய சொல்லாம துணி வச்சிக்கிட்டு திரியறாங்கன்னு எனக்கு தெரியும், குழந்தைக்காக ஊசி ஊசின்னு அலைஞ்சு நக வித்தவங்களையும் தெரியும். உங்க கட்டுரையில மூத்திரம் கசியற விஷயம் வரவே இல்ல, குழந்தை விஷயத்துக்கு "அக்குபங்சரால் மகப்பேறு"ன்னு தனி பெட்டி கட்டி போட்டிருக்கீங்க. பெட்டி போட்டத படிச்சிட்டு ஒரு பொண்ணு கிளம்பி போவா சார்.

நான் கேக்குறது ரெண்டுதான். ஆராய்ச்சியில நிரூபணம்னு இனிமே போடறப்ப எத்தன பேரு, எதோட ஒப்பிட்டாங்க, சும்மா விட்டவங்களுக்கு எத்தன சதவீதம், பாதியில விட்டுப் போனவங்க எத்தன பேருன்னு நாலு வரி சேத்து போடுங்க. 2019-ல மத்திய அரசு தனி முறைன்னு அங்கீகாரம் குடுத்ததையே நிரூபணம்னு போடாதீங்க, அங்கீகாரம் வேற ஆய்வு வேற.

இன்னொண்ணு உங்க பத்திரிகை வழியா சுகாதாரத்துறைக்கு. ஸ்பெயின்ல பண்ணுன மாதிரி ஒரு ஆய்வு நம்ம தமிழ்நாட்டுல பண்ண எல்லாமே இருக்கு. ஏறக்குறைய எல்லா பிரசவமும் ஆஸ்பத்திரியிலதான் நடக்குது, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மிங்கற அரசு பதிவு நம்பர் இருக்கு, கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி போறாங்க, சென்னை அரும்பாக்கத்துல அரசு யோகா இயற்கை மருத்துவ கல்லூரி இருக்கு, அங்க படிச்சவங்களுக்கு அக்குபங்சர் தெரியும். ஆய்வ முன்கூட்டியே பதிவு பண்ண சிடிஆர்ஐன்னு பதிவேடும் 2007-ல இருந்து இருக்கு. 33வது வாரம் பிரீச்னு ஸ்கேன்ல வர்றவங்கள சம்மதம் வாங்கி மூணா பிரிச்சு, சுண்டுவிரல், பெருவிரல், ஒண்ணுமில்லன்னு பாத்து, ஒருத்தருக்கும் வழக்கமான செக்கப்ப நிறுத்தாம, ரிசல்ட் என்னவா வந்தாலும் வெளியிடணும். குச்சி ஒண்ணும் பெரிய வெலையில்ல. வாசன நம்ம பொண்ணுங்களுக்கு ஒத்துக்குமா, சாம்பிராணி போட்டு பழகுன வீட்ல இத்தாலி மாதிரி பாதியில விடுவாங்களா மாட்டாங்களான்னு கூட தெரிஞ்சிக்கலாம்.

என் பேரனுக்கு இப்ப ஒண்ணரை வயசு. மிச்சம் இருந்த ரெண்டு குச்சிய பேப்பர்ல சுத்தி பீரோவுல வச்சிருந்தேன், தூக்கி போட மனசு வரல. எங்க தெருவுல இன்னொரு பொண்ணுக்கு பிரீச்னு சொல்லியிருக்காங்களாம், அவங்கம்மா போன வாரம் வந்து அத கேட்டாங்க. குடுத்தேன். குடுக்குறப்ப 130 பேர்ல 98, சும்மா இருந்த 130 பேர்ல 62, இத்தாலியில ஒண்ணும் இல்ல, ஸ்பெயின்ல இருந்துச்சு, எல்லாத்தையும் உக்கார வச்சு சொன்னேன், 35வது வாரம் ஸ்கேனுக்கு நானே கூட வரேன்னும் சொல்லியிருக்கேன். தேதி வர்ற வியாழக்கிழமை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சி.